காசு கொடுக்காமல் ரூன்ஸ்கேப்: போனில் ஆடியபோது புரிந்தவை

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் ரோல்-பிளேயிங் ஆட்டத்தைப் போனில் இறக்கித் திறந்ததும் பலர் உடனே மூடிவிடுவார்கள். குறை சொல்ல முடியாது. மூலைமூலையாக வெட்டிய முகங்கள், விரல் பிரியாத கைகள், தட்டையான பச்சைப் புல்தரை, பின்னால் மெலிசாக ஒரு பழைய மிடி இசை. பழசாகத் தெரியட்டும் என்று இப்போது வரைந்த ஆட்டம் இல்லை இது, நிஜமாகவே பழசு.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001 ஜனவரியில் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கோவரும் அவருடைய சகோதரர்களும் ரூன்ஸ்கேப்பைத் தொடங்கினார்கள். பிரவுசரிலேயே ஓடியதால் பள்ளி, கல்லூரிக் கம்ப்யூட்டர்களில் எல்லாம் பரவியது. பிறகு கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேகெக்ஸ் நிறுவனம் அதை நடத்தியது. காலம் போகப் போக ஆட்டத்தை மாற்றிக்கொண்டே வந்து, 2012 இறுதியில் சண்டை போடும் முறையையே புரட்டிப் போட்டார்கள். பழைய ஆட்கள் கோபித்துக்கொண்டு கிளம்பினார்கள். நிறுவனத்திடம் 2007 ஆகஸ்ட் மாதத்துப் பேக்கப் ஒன்று இருந்தது. அதை மறுபடி ஓட விடலாமா என்று 2013 பிப்ரவரியில் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். 4 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழ, அதே மாதம் பழைய உலகம் திறந்தது. 2015-இல் காசு கட்டாதவர்களும் ஆட வழி விட்டார்கள். 2018 அக்டோபர் 30 அன்று ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் வந்தது. போனுக்கென்று வெட்டிச் சுருக்கிய பதிப்பு இல்லை. கம்ப்யூட்டரில் ஆடுபவர் நிற்கும் அதே மரத்தடியில்தான் நீங்களும் நிற்பீர்கள்.

நான் இதை வேலைக்குப் போகும் மின்சார ரயிலில் ஆடத் தொடங்கினேன். இன்றுவரை ஒரு பைசா கட்டவில்லை. இவ்வளவு நாள் ஆடியதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: இந்த ஆட்டத்தில் நாம் செலவழிப்பது காசு அல்ல, கவனம். எந்த வேலைக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று தெரிந்து, கையில் இருக்கும் நேரத்துக்கு ஏற்ற வேலையை எடுத்துக்கொண்டால் இலவசப் பகுதியே போதும் போதும் என்கிற அளவுக்கு விரியும். தெரியாமல் ஆடினால் இரண்டு நாளில் சலித்துவிடும்.

அக்கா பையன் ஒருநாள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "மாமா, என்ன இது, மூஞ்சி எல்லாம் செங்கல்ல செஞ்ச மாதிரி இருக்கு?" என்றான். போனை வாங்கித் திரையின் நாலு மூலையையும் தேடினான்.

"ஆட்டோ பட்டன் எங்க மாமா?"

"இதுல இல்லடா."

"அப்போ மரத்தை யாரு வெட்டுறது?"

"நீதான்."

அவன் கேட்டதில் தப்பில்லை. இப்போது போனில் வரும் ரோல்-பிளேயிங் ஆட்டங்கள் பலவற்றில் ஒரு பட்டனைத் தட்டினால் வீரன் தானே நடப்பான், தானே அடிப்பான். நடுநடுவே ஒரு பெட்டி குலுங்கும். திறக்க வைரம் வேண்டும், வைரத்துக்குக் காசு வேண்டும். இங்கே அந்தப் பெட்டி கிடையாது, விளம்பரம் கிடையாது, 'இன்றைய எனர்ஜி தீர்ந்தது, நாளை வாருங்கள்' என்ற மிரட்டலும் கிடையாது. அதற்குப் பதிலாக எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும். வேறு மென்பொருளை வைத்துத் தானாக ஆடவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள்.

பயிற்சித் தீவை முடித்ததும் லம்பிரிட்ஜ் என்ற சின்ன ஊரில் கொண்டுவந்து விடுவார்கள். கோட்டைச் சமையலறையில் ஒரு சமையல்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். பிரபுவுக்குப் பிறந்தநாள், கேக் செய்ய முட்டை, பால், மாவு மூன்றும் இல்லை. பலரும் முதலில் செய்யும் குவெஸ்ட், அதாவது கதையோடு வரும் பணி, இது. முட்டையைக் கோழிப்பண்ணையில் பொறுக்கலாம். பாலுக்கு வாளியோடு பசுவிடம் போக வேண்டும். மாவுதான் சுவாரசியம். வயலில் கோதுமையைப் பறித்து, காற்றாலையின் மேல் மாடிவரை ஏறி, அங்கே உள்ள தொட்டியில் போட்டு, நெம்புகோலை இழுத்துவிட்டு, மறுபடி கீழே இறங்கி வந்தால் தரைத்தளத்துப் பெட்டியில் மாவு விழுந்திருக்கும். அதை அள்ள ஒரு பானை வேண்டும். பானையை மறந்துவிட்டு வந்தால் திரும்ப நடக்க வேண்டியதுதான். எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி எதுவும் காட்டாது. அவர்கள் பேசுவதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அக்கா பையன் இந்த ஒரு குவெஸ்டை முடிக்க அரை மணிக்கு மேல் எடுத்துக்கொண்டான். பானையோடு கீழே ஓடும்போது 'செங்கல் மூஞ்சி' என்ற பேச்சே வரவில்லை.

புதிதாக வருபவர்கள் செய்வது என்னவென்றால், எதிரே தெரியும் கோழியையும் பசுவையும் அடித்து அடித்து லெவல் ஏற்றப் பார்ப்பார்கள். ஆரம்ப லெவல்களுக்கு குவெஸ்ட்தான் குறுக்குவழி. ஃபாலடோருக்கு வடக்கே டோரிக் என்ற குள்ளன் 6 களிமண், 4 செம்புத் தாது, 2 இரும்புத் தாது கேட்பான். தாதுக்களைச் சந்தையில் வாங்கிக் கொடுத்தாலும் அவனுக்குச் சம்மதம். பதிலுக்கு 1,300 மைனிங் (தாது வெட்டும் திறன்) புள்ளி. அதாவது பாறை வெட்டும் பிக்காக்ஸைத் தொடாமலே மைனிங் 10-ஆவது லெவல். இந்த 10 எதற்கு என்றால், 'நைட்ஸ் ஸ்வோர்ட்' என்ற குவெஸ்டுக்கு அதுதான் வேண்டும். அதில் ஒரு பனிக்குகைக்குள் ஓடிப்போய் நீலநிறத் தாது ஒன்றை வெட்டி எடுத்து வர வேண்டும். உள்ளே பனி அரக்கர்கள் நிற்பார்கள். சண்டைக்கு நிற்காமல் தின்றுகொண்டே ஓடினால் சின்ன லெவலிலும் முடியும். முடித்தால் 12,725 ஸ்மிதிங் (கொல்லர் வேலை) புள்ளி கிடைக்கும். முதல் லெவலில் இருப்பவர் ஒரே தாவலில் 29-க்குப் போய்விடுவார். வாள் அடிக்கும் திறனுக்கு அதேபோல 'வாம்பயர் ஸ்லேயர்': 4,825 புள்ளி, 20-ஆவது லெவல் வரை. பூண்டை மறக்காமல் கொண்டுபோங்கள், எதிரே வரும் ரத்தக்காட்டேரி கொஞ்சம் சோர்ந்து போகும்.

ஏன் இந்தத் தாவல்கள் முக்கியம் என்பது லெவல் கணக்கைப் பார்த்தால் புரியும். ஏறக்குறைய ஏழு லெவலுக்கு ஒருமுறை தேவைப்படும் புள்ளி இரட்டிப்பாகும். 50-ஆவது லெவலுக்கு மொத்தம் 1,01,333 புள்ளி. 70-க்கு 7,37,627. உச்சமான 99-க்கு 1,30,34,431. இதில் 92-ஆவது லெவலைத் தொட்டால்தான் 99-க்குப் பாதி வழி. ஆகவே 99 கனவெல்லாம் இலவசமாக ஆடும் ரயில் பயணிக்கு வேண்டாம். 40, 50, 60 என்று அடுத்த கதவு எங்கே திறக்கிறதோ அதைக் குறி வையுங்கள். மீன்பிடித்தலில் 40 வந்தால் லாப்ஸ்டர், 50-இல் வாள்மீன். வாள்வீச்சில் 40 வந்தால் ரூன் என்ற வலுவான உலோகத்தில் செய்த வாள். மந்திரத்தில் 55 வந்தால் பொருளைக் காசாக மாற்றும் ஹை ஆல்கமி.

சரி, கவன விஷயத்துக்கு வருவோம்.

இலவச உறுப்பினருக்கு 15 திறன்கள் உண்டு. நான் அவற்றை மனசுக்குள் மூன்று கூறாகப் பிரித்து வைத்திருக்கிறேன். முதலாவது, அவ்வப்போது ஒரு கண் பார்த்தால் போதும் என்ற வேலைகள். டிரேனார் கிராமத்தில் பேங்குக்குப் பக்கத்திலேயே வில்லோ மரங்கள் நிற்கின்றன. மரத்தைத் தட்டிவிட்டால் ஆள் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருப்பான். பையில் 28 இடம். நிரம்பியதும் நாலு எட்டு நடந்து பேங்கில் போட்டுவிட்டு வரலாம். 2023-இல் மரவெட்டும் முறையை மாற்றினார்கள். முன்பெல்லாம் ஒரு கட்டை விழுந்தாலே மரம் சாயக்கூடும். இப்போது மரம் குறிப்பிட்ட நேரம் நிற்கிறது, அதோடு ஒரே மரத்தை நாலு பேர் சேர்ந்து வெட்டினால் நமக்குத்தான் லாபம். ஆக, கூட்டம் நிற்கும் மரமாகப் பார்த்துப் போய் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சின்னக் கணக்கு ஒன்று. வில்லோ வெட்டும் தகுதி 30-ஆவது லெவலில் வரும், யூ மரம் வெட்ட 60 வேண்டும். நடுவே 2,60,379 புள்ளி. ஒரு வில்லோ கட்டைக்கு 67.5. அப்படியானால் 3,850-க்கு மேல் கட்டை, பை நிரம்புவது ஏறக்குறைய 140 தடவை. இதை உட்கார்ந்த இடத்தில் ஒரே மூச்சில் செய்ய நினைத்தால் கிறுக்குப் பிடிக்கும். ரயிலில் போகும்போது மூன்று பை, மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு பை, இரவு பாட்டுக் கேட்கும்போது இரண்டு பை என்று விட்டால் அது ஒரு வேலையாகவே தெரியாது. ரயிலில் சிக்னல் போனாலும் கவலை இல்லை. மரம் நம்மைத் திருப்பி அடிக்காது.

சண்டைத் திறனுக்கும் இப்படி ஒரு சோம்பேறி இடம் இருக்கிறது. மந்திரவாதிகள் கோபுரத்தின் மேல் மாடியில் ஒரு பிசாசைக் கூண்டில் அடைத்து வைத்திருப்பார்கள். கம்பிக்கு வெளியே நின்று அம்பு விடலாம், மந்திரம் ஏவலாம். அதால் நம்மைத் தொட முடியாது. சாப்பாடே வேண்டாம். கூட்டம் அதிகம் என்பதுதான் குறை. 'உலகம்' என்று இங்கே அழைக்கும் சர்வர்களின் பட்டியலைத் திறந்து ஆள் குறைந்த வேறொரு உலகத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கூறு, பாதிக் கவனம் கேட்பவை. எட்ஜ்வில் சுரங்கத்தில் ஹில் ஜயன்ட் என்ற அரக்கர்களை அடிப்பது, கராம்ஜா தீவில் மீன் பிடித்துச் சந்தைக்குக் கொண்டுவருவது போன்றவை. கராம்ஜாவுக்குப் போர்ட் சரிமிலிருந்து கப்பல், 30 காசு. அங்கே பேங்க் இல்லை என்பதால் பை நிரம்பியதும் திரும்பக் கப்பல் ஏற வேண்டும். ஆனால் போர்ட் சரிம் துறையிலேயே பொருளைப் போட ஒரு பேங்க் பெட்டி வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் டிரேனார் பேங்க் வரை மூச்சிரைக்க ஓடுபவர்களை இன்னமும் பார்க்கிறேன்.

மூன்றாவது, முழுக் கவனம் கேட்பவை: குவெஸ்டுகள், பெரிய எதிரிகள், ஆளை ஆள் அடிக்கும் காட்டுப்பகுதி. இவற்றை ரயிலில் தொடவே கூடாது என்பது என் கட்சி. தொடர்பு அறுந்தால் நம் ஆள் அந்த நொடியே மறைந்துவிட மாட்டான். சண்டை நடுவே அறுந்தால் கொஞ்ச நேரம் மரம் மாதிரி நின்று அடி வாங்குவான். வீட்டில், வைஃபையில், போனைத் 'தொந்தரவு செய்யாதே'யில் போட்டுவிட்டு ஆட வேண்டிய வேலைகள் இவை. டிராகன் முன்னால் நிற்கும்போது கடன் அட்டை விற்க ஒருவர் போன் பண்ணினால் திரையை அவர் பெயர்தான் நிறைக்கும்.

தூரத்தைப் பற்றிக் கொஞ்சம். இந்த ஆட்டத்தின் இதயத்துடிப்பு 0.6 நொடி. நடப்பது, அடிப்பது, தின்பது எல்லாம் இந்தத் துடிப்பில்தான் நடக்கும். அதனால் பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ இருக்கும் உலகத்தில் இங்கிருந்து ஆடினாலும் துப்பாக்கி ஆட்டங்களில் வரும் திணறல் இல்லை. சுமாரான போன், சுமாரான நெட் போதும்.

கட்டைவிரல் பிரச்சினைதான் பெரிது. மௌஸுக்காகச் செய்த ஆட்டம். ஒரு அரக்கன், ஒரு கதவு, கீழே கிடக்கும் எலும்பு, பக்கத்தில் நிற்கும் இன்னொரு ஆட்டக்காரர் எல்லாம் ஒரே விரல் அகலத்துக்குள் வந்துவிடும். தட்டினால் எது கேட்கும் என்று சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் தட்டாதீர்கள், அழுத்திப் பிடியுங்கள். 'வெட்டு', 'எடு', 'இங்கே நட' என்று பட்டியல் விழும், அதிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். சண்டைக்கு முன் இரண்டு விரலால் நெருக்கமாக இழுத்துக்கொள்ளுங்கள். அரட்டைப் பெட்டியை மூடிவிடுங்கள், திரையில் கணிசமான இடம் மிச்சமாகும். தட்டினாலே பொருளைக் கீழே போடும் வசதி ஒன்று உண்டு. மீன் பிடித்துக் கொட்டிக்கொண்டே லெவல் ஏற்றுபவர்களுக்கு வரப்பிரசாதம். வேலை முடிந்ததும் அதை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த சண்டையில் தின்ன நினைத்த வாள்மீன் தரையில் கிடக்கும்.

காசு சம்பாதிப்பது பற்றிப் பலரும் கேட்பார்கள். வாராக் நகருக்குப் பக்கத்தில் உள்ள கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்தான் சந்தை. விலையைச் சொல்லிப் பொருளைப் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம், யாராவது வாங்கியதும் காசு வந்து நிற்கும். புதுக் கணக்குக்கு ஒரு தடை உண்டு. 20 மணி நேரம் ஆடி, 10 குவெஸ்ட் புள்ளி, எல்லாத் திறன்களும் சேர்ந்து 100 லெவல் என மூன்றும் சேரும்வரை சில பொருள்களை அங்கே விற்க முடியாது, பிறரோடு நேரடிப் பரிமாற்றத்துக்கும் கட்டுப்பாடு. தானியங்கிக் கணக்குகளைத் தடுக்க வைத்த வேலி இது. முதல் நாளே வெட்டிய கட்டையை விற்க முடியவில்லை என்று கோபித்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். மேலே சொன்ன குவெஸ்டுகளைச் செய்தாலே இந்த வேலி பாதி தாண்டிவிடும்.

அந்தச் சந்தை மைதானத்தில்தான் ஏமாற்றுக்காரர்களும் நிற்பார்கள். கொடுத்த காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று ஒருவர் கத்திக்கொண்டிருப்பார். முதலில் சின்னத் தொகையை உண்மையாகவே இரட்டிப்பாக்கித் தருவார். பக்கத்தில் நிற்கும் இன்னொருவர், 'எனக்கும் கொடுத்தார், நல்ல மனுஷன்' என்பார். இரண்டு பேரும் கூட்டாளிகள் என்பது பெரிய தொகை கைமாறியதும் தெரியும். இதே நாடகத்தைத் தி.நகர் நடைபாதையில் மூன்று சீட்டு வைத்து ஆடுபவரிடமும் பார்க்கலாம்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான இன்னொன்று நடக்கும். நல்ல கவசம் போட்ட ஒருவர் புது ஆளிடம் வந்து இனிக்க இனிக்கப் பேசுவார். ஆட்டத்தை விட்டுப் போகிறேன், என் சாமானை எல்லாம் உனக்கே தருகிறேன், ஆனால் இங்கே வேண்டாம், கூட்டமாக இருக்கிறது என்று வடக்கே கூட்டிக்கொண்டு நடப்பார். எட்ஜ்வில்லுக்கு வடக்கே ஒரு பள்ளம் ஓடும். அதைத் தாண்டினால் காட்டுப்பகுதி. அங்கே ஆட்டக்காரர் ஆட்டக்காரரைக் கொல்லலாம். தாண்டிய கொஞ்ச தூரத்தில் அவருடைய நண்பர்கள் காத்திருப்பார்கள். செத்தால் சாதாரணமாக விலை உயர்ந்த மூன்று பொருள்கள் மட்டும் கையில் மிஞ்சும். நாம் முதலில் ஒருவரை அடித்துத் தலைக்கு மேல் மண்டையோட்டுச் சின்னம் வந்துவிட்டால் அந்த மூன்றும் போகும். அமைப்புகளில் அந்தச் சின்னம் வராமல் தடுக்கும் வசதி இருக்கிறது, அதை இயக்கி வையுங்கள். அதைவிட எளிய வழி, இழந்தால் வருத்தம் வராத பொருளோடு மட்டும் பள்ளத்தைத் தாண்டுவது. காட்டுக்குள் வேலை இருந்தால் மூன்று பொருளுக்கு மேல் நான் கொண்டுபோவதில்லை.

பேங்குக்கு நாலு இலக்க பின் வைக்க முடியும். கணக்கு திறந்த அன்றே வைத்துவிடுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் சேர்த்து. மெயிலில் வரும் 'உங்கள் கணக்கு முடக்கப்படும், இங்கே உள்ளே நுழையுங்கள்' வகையறாக்களைத் தொடவே வேண்டாம். நிஜக் காசுக்கு ஆட்டக் காசு விற்கும் ஆட்களிடம் வாங்குவதும் விதிமீறல், வாங்கியவர் கணக்கும் போகும்.

இலவசப் பகுதியின் உச்சம் என்றால் அது 'டிராகன் ஸ்லேயர்'தான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. 32 குவெஸ்ட் புள்ளி சேர்ந்தால்தான் இது தொடங்கும் சாம்பியன் சங்கத்தின் கதவே திறக்கும். முடித்தால்தான் ரூன் மார்புக்கவசத்தை அணியும் உரிமை. கையில் கவசத்தை வாங்கி வைத்துக்கொண்டு போட முடியாமல் நிற்பது ஒரு தனி வேதனை. அந்த வேதனையில்தான் பாதிப் பேர் இந்த குவெஸ்டையே முடிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எல்வார்க் என்ற டிராகன் கிராண்டோர் தீவில் இருக்கிறது. அங்கே போக வரைபடம் வேண்டும். அது மூன்று துண்டாகக் கிடக்கிறது. ஒன்று மெல்சாரின் புதிர் வீட்டில். எலி, ஆவி, எலும்புக்கூடு என்று ஒவ்வொரு தளத்திலும் அடித்து, சரியான ஒன்றிடமிருந்து சாவி விழுந்தால்தான் அடுத்த கதவு திறக்கும். கடைசியில் ஒரு பிசாசு நிற்கும். மீனைப் பாதிக்கு மேல் அதற்கு மிச்சம் வையுங்கள். இரண்டாவது துண்டு ஒரு மந்திரக் கதவுக்குப் பின்னால். அது திறக்க வேண்டுமானால் பட்டுத்துணி, லாப்ஸ்டர் கூடை, சுடாத மண்கிண்ணம், மந்திரவாதிகள் குடிக்கும் மைண்ட் பாம் என்ற பானம் ஆகிய நான்கையும் கொண்டுபோக வேண்டும். ஒன்று குறைந்தாலும் போன வழியே திரும்ப வேண்டியதுதான். மூன்றாவது துண்டு போர்ட் சரிம் சிறையில் ஒரு கோப்ளின் கையில். 10,000 காசு கொடுத்தால் தந்துவிடுவான். காசு போனால் போகிறது என்று நான் கொடுத்துவிட்டேன், கால்வலி மிச்சம். அப்புறம் 2,000 காசுக்கு ஓட்டைக் கப்பல், அதை ஒட்டப் பலகையும் 90 எஃகு ஆணியும். டிராகன் நெருப்பைத் தடுக்கும் கேடயத்தை லம்பிரிட்ஜ் பிரபு இலவசமாகவே தருவார்.

பலர் கோட்டை விடும் இடம் தீவில் இறங்கிய பிறகு. போகும்போது கப்பல் உடைந்துவிடும். டிராகனிடம் செத்தால் மறுபடி கப்பலைச் சரிசெய்து வர வேண்டுமே என்ற பயம் வரும். ஆனால் கிராண்டோரின் நிலவறையில் ஒரு ரகசியச் சுவர் இருக்கிறது. அதன் வழியே போனால் கராம்ஜா எரிமலைக் குகைக்கு வந்துவிடலாம். கிராண்டோர் பக்கமிருந்து அதை ஒருமுறை திறந்துவிட்டால் பிறகு அந்தப் பக்கமிருந்தும் வரலாம். ஆகவே இறங்கியதும் டிராகனைத் தேடாதீர்கள். முதலில் சுவரைக் கண்டுபிடித்துத் திறங்கள். அதற்குப் பிறகு எத்தனை முறை செத்தாலும் 30 காசுக் கப்பலில் வந்து சேரலாம்.

சண்டையே சில நிமிடங்கள்தான். கேடயத்தைக் கையில் மாட்டிய பிறகே உள்ளே போக வேண்டும். போன பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று இருந்தால் முதல் மூச்சிலேயே கதை முடிந்துவிடக்கூடும். நான் ரூன் சிமிட்டர் என்ற வளைந்த வாளும் பை நிறைய வாள்மீனுமாகப் போனேன். ஒரு வாள்மீன் 14 உயிர்ப்புள்ளி தரும், லாப்ஸ்டர் 12. தின்னும்போது நம் அடி தள்ளிப்போகும், அதனால் பதறிப் பதறித் தின்றால் டிராகன் சாகாது, மீன்தான் தீரும். உயிர் பாதிக்குக் கீழே போகும்வரை பொறுத்து, ஒன்று தின்று, மறுபடி டிராகனைத் தட்டி... இந்த 'மறுபடி தட்டு' போனில் முக்கியம். தின்றதும் சண்டை தானே தொடரும் என்று நினைத்து நிற்கக் கூடாது. விழுந்ததும் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு எட்ஜ்வில்லுக்குத் திரும்பினால் திரையில் அந்தப் பழைய சுருள் காகிதம் விரிந்து வாழ்த்துச் சொல்லும். அன்று இரவு வேறு எதுவும் ஆடத் தோன்றவில்லை. கவசத்தைப் போட்டுக்கொண்டு சும்மா வாராக்கைச் சுற்றி வந்தேன்.

இதற்குப் பிறகு என்ன என்பதுதான் அடுத்த கேள்வி. ஹில் ஜயன்ட்களிடம் எப்போதாவது விழும் பெரிய சாவியை வைத்து ஓபோர் என்ற அரக்கனைப் பார்க்கலாம். பாசி அரக்கர்களிடம் விழும் சாவிக்கு பிரையோஃபைட்டா. இரண்டும் இலவசக்காரர்களுக்கென்றே வைத்தவை. அதையும் தாண்டினால் சந்தா கட்டும் உலகம். வரைபடம் பல மடங்கு பெரியது, திறன்களும் அதிகம்.

அங்கே காசில்லாமலும் போக வழி இருக்கிறது, பாண்ட் என்று பெயர். ஆட்டக் காசு கொடுத்து சந்தையிலேயே வாங்கினால் 14 நாள் சந்தா. கேட்கத் தேன்தான். விலை ஒரு கோடி ஆட்டக் காசுக்கு மேல். இலவசப் பகுதியில் மணிக்கு ஒரு லட்சம் சம்பாதிப்பதே நல்ல கை. அப்படியானால் 14 நாளுக்காக நூறு மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும், அதுவும் பிடித்த வேலையை விட்டுவிட்டுக் காசு வரும் வேலையை மட்டும். தினமும் ஒரு மணி நேரம் ஆடும் ஆளுக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது: போகத்தான் வேண்டுமென்றால் இலவச குவெஸ்டுகளை எல்லாம் முடித்துவிட்டு, நீண்ட விடுமுறை வரும் மாதமாகப் பார்த்து ஒரே ஒரு மாதம் காசு கட்டிப் போங்கள். சந்தா முடிந்ததும் பொருள்கள் அழியாது, பேங்கிலேயே பூட்டிக் கிடக்கும். திரும்பி வந்தால் டிரேனார் வில்லோ மரம் வெட்ட யாரும் காசு கேட்கப் போவதில்லை.